சிகாகோ 1937: எலிக்கூண்டுக்கு முன்னால் ஒரு மாணவி

பி.ஃபார்ம் செய்முறை வகுப்பு எடுத்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. தயாரித்த ஆஸ்பிரினுக்கு உருகுநிலை பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்புவோம். கேபிலரி என்ற மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பொடியைத் தட்டி இறக்கும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "சார், எவ்வளவு வரணும்?" யாராவது 135 என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் அறுபது ரெக்கார்டு நோட்டிலும் 134-க்கும் 136-க்கும் நடுவே ஓர் எண் ஏறிவிடும். அந்த நேரத்தில் எண்ணெய்க் குளியலில் தெர்மாமீட்டர் நூறைக்கூடத் தொட்டிருக்காது.

பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வியைக் கொடுத்தால் அந்த விடையைத்தான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

மருந்தியல் மாணவர்களை ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவது பற்றிப் பேசும்போதெல்லாம் கருவிகள், நிதி, நேரம் என்றுதான் பேச்சு போகும். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வேண்டும்: "எவ்வளவு வரணும்?" என்று கேட்டால் அந்த அறையில் யாராலும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி. அப்படி ஒரு கேள்வி ஒரு மாணவியின் கையில் வந்து சேர்ந்த நிகழ்வு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நடந்தது சிகாகோ பல்கலைக்கழக மருந்தியல் துறையில், 1937 இலையுதிர் காலத்தில். மாணவியின் பெயர் ஃபிரான்சிஸ் ஓல்டம். திருமணத்துக்குப் பிறகு ஃபிரான்சிஸ் கெல்சி. பின்னாளில், கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்த தாலிடமைடு என்ற மருந்தை அமெரிக்காவில் தடுத்து நிறுத்திய அதே கெல்சிதான். தாலிடமைடு கதையை எல்லாப் பாடப்புத்தகமும் ஒரு பத்தியில் சொல்லிவிடும். அவர் மாணவியாக இருந்தபோது செய்த வேலைக்கு அதில் இடம் இருக்காது.

சிரப் வந்த வழி

1930-களின் நடுவில் சல்ஃபனிலமைடு ஒரு அதிசய மருந்து. தொண்டை அழற்சி, பிரசவக் காய்ச்சல் என்று அதுவரை உயிரைக் குடித்த தொற்றுகளை மாத்திரை ஒன்று அடக்கியது. மூலக்கூறுக்குக் காப்புரிமை இல்லாததால் பல நிறுவனங்கள் தயாரித்தன. ஒரே சிக்கல், அது தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆல்கஹாலிலும் பெரிதாக இல்லை. ஆனால் குழந்தைகளுக்குச் சிரப்தானே வேண்டும்? அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெரியவர்களும் திரவ மருந்தையே விரும்பினார்கள்.

டென்னசி மாநிலம் பிரிஸ்டலில் இருந்த மாசென்கில் நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஹெரால்ட் வாட்கின்ஸ் ஒரு கரைப்பானைக் கண்டுபிடித்தார். டைஎத்திலீன் கிளைகால், சுருக்கமாக டீ.ஈ.ஜி. நிறமில்லாதது, இனிப்பானது, கெட்டியானது, சல்ஃபனிலமைடை நன்றாகவே கரைத்தது. பத்து சதவீதம் மருந்து, 72 சதவீதம் டீ.ஈ.ஜி., மிச்சம் தண்ணீரும் ராஸ்பெர்ரி மணமும் நிறமும். சுவை பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், தோற்றம் பார்த்தார்கள். நச்சுத்தன்மை மட்டும் பார்க்கவில்லை. பார்த்தே ஆக வேண்டும் என்று அன்றைக்குச் சட்டமும் இல்லை. 240 காலன் தயாரித்து, 1937 செப்டம்பரில் 'எலிக்சர் சல்ஃபனிலமைடு' என்ற பெயரில் அனுப்பினார்கள்.

அக்டோபரில் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவிலிருந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குத் தகவல் வந்தது. சிரப் குடித்தவர்கள் சிறுநீர் நின்றுபோய் இறக்கிறார்கள். மருந்தில் என்ன இருக்கிறது? சங்கத்தின் தலைமையகமும் வேதியியல் ஆய்வகமும் சிகாகோவில் இருந்தன. பாட்டிலைப் பகுத்துப் பார்த்து, கரைப்பான் டீ.ஈ.ஜி. என்று சொல்ல ஆய்வகத்துக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. ஆனால் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதில் எது கொல்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வி அதே ஊரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் யூஜின் கெய்லிங்கின் துறைக்கு வந்தது.

ஒரு எழுத்துப் பிழையும் ஓர் இடமும்

கெய்லிங் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வேலை பார்த்துவிட்டு 1936-ல் சிகாகோவுக்கு மருந்தியல் துறையைத் தொடங்க வந்தவர். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருந்த ஃபிரான்சிஸ் அவருக்கு வேலை கேட்டு எழுதினார். இடம் உண்டு, உதவித்தொகையும் உண்டு என்று பதில் வந்தது. ஆனால் கடிதம் "அன்புள்ள திரு. ஓல்டம்" என்று தொடங்கியது. ஆங்கிலத்தில் ஃபிரான்சிஸ் என்ற பெயரின் கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்து மாறினால் ஆணா பெண்ணா என்பதே மாறிவிடும். கெய்லிங் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குப் பெண் விஞ்ஞானிகள் மேல் பெரிய நம்பிக்கையும் கிடையாது.

உண்மையைச் சொல்லித் தந்தி அடிக்கலாமா என்று ஃபிரான்சிஸ் மெக்கில்லில் தன் பேராசிரியரிடம் கேட்டார். வேண்டாத வேலை; வேலையை ஏற்றுக்கொண்டு எழுது, கையெழுத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'செல்வி' என்று போடு, கிளம்பு என்றார் அவர். போனார். என் பெயர் எலிசபெத் என்றோ மேரி ஜேன் என்றோ இருந்திருந்தால் அந்த முதல் படி கிடைத்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்று முதுமையில் சொன்னார்.

இந்தச் சம்பவத்தை எல்லோரும் சுவாரஸ்யத்துக்காகச் சொல்வார்கள். நான் சொல்ல வேறு காரணம் உண்டு. எந்த மாணவர் ஆய்வகத்துக்குள் வருகிறார் என்பது பல நேரம் திறமையால் முடிவாவதில்லை. நம் கல்லூரிகளிலும் "ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்" என்று அறிவித்தால், யார் பெயர் கொடுப்பார்கள் என்று நமக்கே தெரியும். ஆங்கிலம் தடங்கலின்றிப் பேசுகிறவர்கள், விடுதியில் இருப்பவர்கள், ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள்.

மூன்று வகைக் கூண்டுகள்

1937 இலையுதிர் காலத்தில் ஃபிரான்சிஸுக்கு 23 வயது. முனைவர் பட்டத்துக்காக அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கும் சிரப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்மடில்லோ என்ற ஓடுடைய விலங்கின் பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். கெய்லிங்கின் ஆய்வே பிட்யூட்டரியைப் பற்றியதுதான். அந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு மாணவர்கள் உட்பட எல்லோரும் சிரப்பைப் பார்த்தார்கள். எலி, முயல், நாய் என்று மூன்று விலங்குகள். ஃபிரான்சிஸுக்கு எலிகளைக் கவனிக்கும் வேலை வந்தது.

சோதனை அமைக்கப்பட்ட விதம்தான் இந்த நிகழ்வின் உயிர் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் எளிதாகத் தோன்றுவது: சிரப்பை எடு, எலிக்குக் கொடு, சாகிறதா பார். செத்தால் சிரப் நஞ்சு. சரி, அது ஏற்கெனவே தெரியுமே? மனிதர்களே இறந்துவிட்டார்களே. இறந்தவர்கள் எல்லோருமே ஏற்கெனவே நோயாளிகள் என்பதுதான் சிக்கல். நோயா, மருந்தா? மருந்து என்றால் சல்ஃபனிலமைடா, கரைப்பானா? கரைப்பான் என்றால் டீ.ஈ.ஜி.யே நஞ்சா, அல்லது தொழிற்சாலையில் அதோடு வேறு ஏதாவது கலந்துவிட்டதா? இத்தனை கதவுகளையும் ஒவ்வொன்றாக மூட வேண்டும்.

அதனால் மூன்று பொருள்களைக் கொடுத்தார்கள். ஒன்று, கடைக்குப் போன அதே எலிக்சர். இரண்டு, தனி டீ.ஈ.ஜி. மூன்றாவது, ஆய்வகத்தில் தாங்களே கலந்து செய்த எலிக்சர். பிறகு அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் அதற்குச் 'செயற்கை எலிக்சர்' என்று பெயர். எனக்கு இந்த மூன்றாவதுதான் பிடிக்கும். நிறுவனத்தின் சிரப் மட்டும் கொன்று, தாங்கள் செய்தது கொல்லாவிட்டால், தொழிற்சாலையில் ஏதோ விபத்து. இரண்டும் கொன்றால், குற்றம் செய்முறைக் குறிப்பிலேயே இருக்கிறது. கூடவே தனி டீ.ஈ.ஜி.யும் அதே மாதிரி கொன்றால், சல்ஃபனிலமைடைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அளவு மொத்தமாக ஒரே தடவையில் கொடுக்கப்படவில்லை. பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கிறது. வீட்டில் அம்மா ஒரு ஸ்பூன், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஸ்பூன் என்று கொடுப்பாரே, அப்படி. ஒரே தடவையில் தாங்கிக்கொள்ளும் அளவு, நாளுக்குப் பல முறை, நாள் கணக்கில் போனால் என்ன ஆகும்? நோயாளி குடித்த விதத்திலேயே எலியும் குடிக்க வேண்டும்.

கூண்டுக்கு முன்னால் இருப்பவர் பார்ப்பது என்ன? டீ.ஈ.ஜி. சிறுநீரகத்தைக் கெடுக்கும் விதம் இன்றைக்கு நன்றாகவே தெரியும். ஈரலில் அது சிதைந்து உருவாகும் டைகிளைகாலிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழல் செல்களில் போய்த் தேங்குகிறது. செல்கள் வீங்கிச் சாகின்றன. முதலில் சிறுநீர் அதிகமாகப் போகும். பிறகு குறையும். அப்புறம் நின்றுவிடும். கூண்டுத் தட்டில் விரித்த தாள் முதல் நாள் சொதசொதவென்று இருந்து, சில நாள் கழித்துக் காய்ந்து கிடந்தால், அதைக் குறித்துவைக்க ஒரு ஆள் வேண்டும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். தினமும், அதே நேரத்துக்கு, அலுத்துக்கொள்ளாமல் வந்து பார்க்கும் கண் வேண்டும். முனைவர் பட்ட மாணவிக்கு இந்த வேலையா என்று இன்று ஒருவர் முகம் சுளிக்கலாம். ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்த வேலைதான்.

விடை தெளிவாக வந்தது. எலிக்சர், தாங்கள் கலந்தது, தனி டீ.ஈ.ஜி. மூன்றுமே கொன்றன. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முதற்கட்ட அறிக்கை வந்துவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசின் உணவு, மருந்து நிர்வாகம் தன் ஆய்வாளர்களும் வேதியியலாளர்களுமாக 239 பேரையும் தெருவில் இறக்கிப் பாட்டில் பாட்டிலாகத் தேடியது. 240 காலனில் 234 காலனுக்குச் சற்று மேல் திரும்பக் கிடைத்தது. மிச்சம் போன ஆறு காலன்தான் 15 மாநிலங்களில் நூறு பேருக்கு மேல் கொன்றது. நிறுவனத்தின் மேல் போட முடிந்த வழக்கு என்ன தெரியுமா? எலிக்சர் என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, எனவே பெயர் தவறு என்பதுதான். அபராதம் 26,100 டாலர். 'கரைசல்' என்று பெயர் வைத்திருந்தால் அந்த வழக்கும் நின்றிருக்காது. வாட்கின்ஸ் தற்கொலை செய்துகொண்டார். விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் 1938 ஜூனில் வந்தது.

பெயர் இல்லாத கட்டுரை

நவம்பர் அறிக்கையில் ஆசிரியர்களாக மூன்று பெயர்கள் உள்ளன: கெய்லிங், கூன், ஷோஃபெல். ஓல்டம் இல்லை. அடுத்த ஆண்டு திசு மாற்றங்களை விவரித்து வந்த விரிவான கட்டுரையில் கெய்லிங்கும் கேனனும் இருக்கிறார்கள். அங்கும் ஓல்டம் இல்லை.

இதை அநியாயம் என்று முத்திரை குத்த நான் தயாரில்லை. அன்றைய வழக்கம் வேறு; துறை முழுக்கக் கைகொடுத்த அவசர வேலை அது. ஆனால் ஒரு கேள்வியை இது கிளப்புகிறது. மாணவருக்கு ஆராய்ச்சியிலிருந்து கிடைப்பது கட்டுரையில் ஒரு பெயர்தான் என்றால், ஃபிரான்சிஸுக்கு இந்த வேலையில் எதுவும் கிடைக்கவில்லை. இன்று பி.ஃபார்ம் முடிக்கும் பிள்ளைகள் கையில் மூன்று கட்டுரைகளோடு வருகிறார்கள். அதில் இரண்டு, காசு கட்டினால் போடும் இதழ்களில் வந்தவை. கட்டுரையில் உள்ள படத்தை விளக்கச் சொன்னால் வழிகாட்டும் ஆசிரியரைப் பார்க்கிறார்கள். எதை யாருக்குக் கற்றுக்கொடுத்தோம் என்று அப்போது எனக்கு வெட்கமாகவே இருக்கும். பெயர் இல்லாமல் வேலை மட்டும் இருந்தது சிகாகோவில். வேலை இல்லாமல் பெயர் மட்டும் இருக்கிறது இங்கே. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இங்கே நடப்பதைத்தான் சொல்வேன். இரண்டும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்று கேட்பதும் அதிகப்படியில்லை.

1960-க்கு ஒரு கோடு போடலாமா?

எலிகளைப் பார்த்த மாணவி இருபத்து மூன்று ஆண்டு கழித்துத் தாலிடமைடைத் தடுத்தார் என்று ஒரே மூச்சில் எழுதிவிடலாம். படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் நேர்க்கோடு அவ்வளவு நேராக இல்லை. நடுவில் ஒரு முயல் இருக்கிறது.

முனைவர் பட்டம் 1938-ல் கிடைத்தது. கெய்லிங் அவரைத் துறையிலேயே வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப்போர் வந்தது; குயினைன் கிடைக்காத நிலை; துறை மலேரியா மருந்துகளுக்குத் திரும்பியது. முயலின் ஈரல் குயினைனை வேகமாகச் சிதைத்துவிடும் என்று பார்த்தார்கள். கர்ப்பமான முயலில் அந்த வேகம் குறைவு. கருவில் இருக்கும் குட்டியாலோ சிதைக்கவே முடியவில்லை. தாய்க்குத் தாங்கும் மருந்து கருவுக்கும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை ஃபிரான்சிஸ் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் கையால் அளந்து தெரிந்துகொண்டார். அந்த ஆய்வில் உடன் வேலை செய்த எல்லிஸ் கெல்சியை 1943-ல் திருமணம் செய்துகொண்டார்.

1960 ஆகஸ்டில் உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். அடுத்த மாதமே தாலிடமைடு விண்ணப்பம் மேசைக்கு வந்தது. புதிய ஆள், எளிதான கோப்பு என்றுதான் கொடுத்தார்கள்; ஐரோப்பாவில் தூக்க மாத்திரையாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மருந்து. அறுபது நாளுக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் தானாக அனுமதி. அறுபதாவது நாள் நெருங்கும்போதெல்லாம், இந்தத் தரவு போதாது, இன்னும் கொடுங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். மருந்தை உடல் எப்படி உறிஞ்சுகிறது என்று விண்ணப்பித்த நிறுவனம் அனுப்பிய தரவை எல்லிஸிடமும் காட்டினார்கள். வேதியியல் தெரியாதவர்களை மிரட்டுவதற்காக அடுக்கிய அர்த்தமற்ற சொற்கள் என்ற பொருளில் அவர் குறிப்பு எழுதினார். அப்படி ஒரு குறிப்பை எழுத எனக்கும் சில சமயம் கை துறுதுறுக்கும்.

1961 பிப்ரவரியில், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்திருந்த ஒரு சின்னக் கடிதம் ஃபிரான்சிஸ் கண்ணில் பட்டது. தாலிடமைடை நீண்டகாலம் எடுத்தவர்களுக்குக் கைகால் நரம்பு மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். பெரியவர்களின் நரம்பையே தொடுகிற மருந்து கருவை என்ன செய்யும்? தரவு கேட்டார். நிறுவனத்திடம் இல்லை. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டபோது காரணம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தார்கள். அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை 17.

எலிக்கூண்டு அவரைத் தாலிடமைடுக்குத் தயார்செய்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் "நிறுவனம் பார்த்திருப்பார்கள்" என்ற நம்பிக்கை அவருக்கு 23 வயதிலேயே போய்விட்டிருக்கும். சுவை, மணம், தோற்றம் மூன்றையும் பார்த்து நச்சை மட்டும் பார்க்காமல் விட்ட பாட்டிலைக் கையில் பிடித்தவர் அவர்.

நம் மேசைக்கு வந்தால்

டீ.ஈ.ஜி. பழைய கதை இல்லை என்று மருந்தியல் படிக்கும் எந்தத் தமிழ் மாணவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1972-ல் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் மும்பை அரசு மருத்துவமனையில் கிளிசரினில் கலந்து 14 பேர். 1998-ல் குருகிராமில் 33 குழந்தைகள். 2022-ல் காம்பியா. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டீ.ஈ.ஜி. இருப்பதைத் தமிழ்நாடு அரசின் மருந்து ஆய்வகம் கண்டது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். பெரும்பாலும் ஒரே கதைதான்: மருந்தில் சேர்க்கும் கிளிசரின் அல்லது புராப்பிலீன் கிளைகால் என்று பெயர் ஒட்டிய டிரம்முக்குள் வேறு ஏதோ இருந்திருக்கிறது, திறந்து சோதிக்கவில்லை.

பி.ஃபார்ம் எட்டாம் செமஸ்டரில் புராஜெக்ட் உண்டு. ஐந்து பேருக்கு மிகாத குழு. எலி கொடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். இளநிலையில் விலங்குச் சோதனைகளை மென்பொருளிலும் காணொளியிலும் காட்டினால் போதும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருளைப் பார்க்காத மாணவர் குறைவு. அது நல்லதுதான், கற்பதற்காக ஆண்டுதோறும் தவளைகளைக் கொன்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடம். ஆனால் மென்பொருளில் எல்லா வரைபடமும் சரியாகவே வரும். தப்பு நடக்காத ஆய்வகத்தில் என்ன கற்பது?

எலி வேண்டாம். சிகாகோவின் அந்த மூன்று வகை அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சிலிக்கா டி.எல்.சி. தகடு (கரைப்பான் மேலே ஏறும்போது கலவையில் உள்ளவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் தகடு), ஒரு கண்ணாடி ஜாடி, இரண்டு மூன்று கரைப்பான், சாயமேற்றப் பொட்டாசியம் பெர்மாங்கனேட். எந்தக் கல்லூரி அலமாரியிலும் இருப்பவை. கேள்வி: இந்தத் தகட்டில், நம் கையால், கிளிசரினில் கலந்த டீ.ஈ.ஜி.யை எத்தனை சதவீதம் வரை கண்ணால் பிடிக்க முடியும்? இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஏனென்றால் இதற்கு "எவ்வளவு வரணும்?" என்று யாரிடமும் கேட்க முடியாது. அந்தத் தகட்டில், அந்த மாணவரின் கையில், அன்றைய ஈரப்பதத்தில் வருவதுதான் விடை. ஆவணங்களில் வேதியியல் முறை இருக்கும், ஆனால் உங்கள் கையின் எல்லை எந்த ஆவணத்திலும் இல்லை.

முதல் வாரத்திலேயே சிக்கல் தொடங்கும், தொடங்கட்டும். 48 சதவீதத்தைப் பிடிப்பது விளையாட்டு. ஊதா நிறத் தகட்டில் மஞ்சள் பழுப்பாக இரண்டு புள்ளிகள், தூரத்திலிருந்தே தெரியும். 0.1 சதவீதம் வேறு கதை. ஐந்து மைக்ரோலிட்டர் கிளிசரின் என்பது ஏறத்தாழ ஆறு மில்லிகிராம். அதற்குள் ஒளிந்திருக்கும் டீ.ஈ.ஜி. ஆறே மைக்ரோகிராம். அதைத் தெரிய வைக்க அதிகமாக வைத்தால், கிளிசரின் புள்ளி வால் நீட்டிக்கொண்டு மேலே ஏறி எல்லாவற்றையும் மூடும். குறைவாக வைத்தால் எதுவும் தெரியாது. கிளிசரினோ தேன் மாதிரி. கேபிலரிக்குள் ஏறவே அடம்பிடிக்கும், நீர்த்துத்தான் வைக்க வேண்டும், நீர்த்தால் ஒரே இடத்தில் பல முறை வைத்து உலர்த்த வேண்டும். கடையில் வாங்கிய சிரப்புக்குப் போனால் சர்க்கரையும் சார்பிட்டாலும் பெர்மாங்கனேட்டில் சேர்ந்து நிறம் மாறும். கரைப்பான் விகிதத்தை மாற்றி மாற்றிப் பத்துத் தகடு போட்ட பிறகுதான் ஒரு மாணவருக்கு, பாடத்தில் ஒரு வரியாக வரும் 'பிரித்தறிதல்' என்ற சொல் எவ்வளவு கனமானது என்று தெரியும். அந்தப் பத்துத் தகட்டையும் ரெக்கார்டில் ஒட்டச் சொல்வேன். அழகாக வந்ததை மட்டும் இல்லை.

செயற்கை எலிக்சருக்கு இங்கேயும் வேலை உண்டு. குழுவில் இருவர் சுத்தமான கிளிசரினில் தெரிந்த அளவு டீ.ஈ.ஜி. கலந்து பத்துப் பன்னிரண்டு பாட்டில் தயாரிக்க வேண்டும்: சிலவற்றில் எதுவுமே கலக்காமல், சிலவற்றில் எல்லைக்குச் சற்று மேலே, சிலவற்றில் கீழே. மற்ற மூவர் தகடு போட்டு எது கலப்படம் என்று சொல்ல வேண்டும். கலந்தவர்கள் தகடு போடக் கூடாது. எக்ஸ்டர்னல் வைவாவில் "புதுமை என்ன?" என்று கேட்பார், புதுமை ஒன்றும் இல்லை, எங்கள் மூன்று பேரில் யார் எத்தனை முறை தவறினோம் என்ற அட்டவணை இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புவேன். மதிப்பெண் குறையலாம். அந்த அட்டவணையில் ஒவ்வொரு தகட்டுக்கும் பக்கத்தில் போட்டவர் பெயர் முழுதாக இருக்க வேண்டும்.

பாட்டிலில் 1, 2, 3 என்று எண் மட்டும். எதில் எவ்வளவு என்ற தாளை உறையில் போட்டு ஒட்டி, துறைத்தலைவரின் பூட்டிய அலமாரியில் வைத்துவிட வேண்டும். அந்த உறையை நானும் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் ஏழாம் எண் பாட்டிலோடு வந்து, "சார், இதுல இருக்கணுமா, இருக்கக் கூடாதா?" என்று கேட்கும்போது என் முகத்தைப் பார்த்து அவர்கள் கண்டுபிடிக்க எதுவும் இருக்கக் கூடாது.